அண்ணி கேட்ட கேள்வி

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை என்று சொன்னால் போதும், "அடேயப்பா, நாள் பூரா உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்பார்கள். படிப்பதாவது! நான் பார்ப்பதெல்லாம் தலைப்புகள். தலைப்பு, எழுதியவர், ஆண்டு, சுருக்கம், அடுத்தது. ஒரு டாக்டர் ஆராய்ச்சியில் இறங்கும் முன் அதே விஷயத்தை உலகத்தில் வேறு யாரெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு நோய்க்கு ஒரே பெயர் இருந்தால் பரவாயில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அத்தனையையும் யோசித்துப் போட்டுத் தேட வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு ஆராய்ச்சியே விட்டுப்போகும். எல்லாவற்றையும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், அதைச் சலித்து எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

நூலகம் தரைத்தளத்தில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. நடுச்சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். முன்பு இங்கே நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் வெறுத்துப்போய் வேறு வேலை தேடிக்கொண்டார். காலியான நாற்காலிகளில் ஆள் வரவில்லை, தூசிதான் வந்தது. இப்போது நான்தான் நூலகர், நான்தான் உதவியாளர், பிரிண்டர் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கும் நான்தான். மூன்று மணிக்கு மேல் கழுத்து என் பேச்சைக் கேட்பதில்லை. ஐந்து மணிக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கும். அப்போதுதான் யாராவது ஒரு டாக்டர் வந்து, "ஒரே ஒரு சின்ன விஷயம்" என்பார். சின்ன விஷயத்தோடு எந்த டாக்டரும் இதுவரை வந்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் வந்து என்ன தேடினார்கள் என்பதை இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது. கல்லூரி முதல்வரே கேட்டாலும் சொல்லக்கூடாது. ஒரு நோயைப் பற்றித் தேடச் சொல்லும் டாக்டருக்கே அந்த நோய் இருக்கலாம், அப்படி இருந்ததும் உண்டு. மற்ற விஷயங்களில் நான் எப்படியோ, இதில் என் வாய் இரும்புப் பெட்டி.

எனக்கு ஒரே அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். அந்தப் பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அவன் கால் அந்தப் பிரேக்கில்தான் இருக்கும். அண்ணி ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்பான். மூடினால் புழுங்குகிறது என்பான். அண்ணிக்குச் செருப்பு வாங்கப் போனாலும் அளவை அவன்தான் சொல்வான். கெட்டவன் இல்லை. பிரியம் அதிகம், சத்தமும் அதிகம், இரண்டையும் சேர்த்தே காட்டுவான். நான் ஐம்பதைத் தொடப்போகிறேன். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.

அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை பார்த்தவள். அதிர்ந்து பேச மாட்டாள். போன வருடம் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. அதிலிருந்து எங்கள் மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, கையை மாற்றி, அந்தக் கையிலும் இப்போது தகராறு. கிட்னி டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: இதை இப்படியே ரொம்ப நாள் இழுக்க முடியாது, மாற்றுச் சிறுநீரகம்தான் வழி, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று. அண்ணனைப் பரிசோதித்தார்கள். பொருந்தியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர், தெரியாதவர், வண்டி ஓட்டப் பழக வந்தவர் எல்லோரிடமும் சொல்லி முடித்தான். அண்ணி மட்டும் "பாக்கலாம்" என்றாள். மறுபடி கேட்டபோதும் "பாக்கலாம்" என்றாள்.

அண்ணன் என்னிடம் வந்தான்.

"பாப்பா, புருஷன் குடுத்தா பொண்டாட்டிக்கு நல்லா ஒத்துக்கும்னு எவனாவது ஆராய்ச்சி பண்ணியிருப்பான்ல? அதை எடுத்துக் குடு. எழுத்துல பாத்தாத்தான் நம்புவா."

எடுத்துக் கொடுத்தேன். நல்ல செய்திதான், நிறையவே இருந்தது. அதோடு விடாமல், அந்தத் தேடலைச் சேமித்தும் வைத்தேன். அப்படிச் சேமித்தால், அதே விஷயத்தில் புதிதாகக் கட்டுரை வெளிவரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு மெயில் அனுப்பும். என்ன சொற்களைப் போட்டுத் தேடினோம் என்பது அந்த மெயிலின் தலையிலேயே இருக்கும். அண்ணனின் முகவரியைக் கொடுத்தேன், எனக்கும் ஒரு நகல் வரும்படி செய்தேன். அவன் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரியில் மஞ்சள் மை பூசி, அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினான். அண்ணி அந்த அடுக்கின் மேல் மாத்திரை டப்பாவை வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், டயாலிசிஸ் முடிந்து அண்ணி தானாகக் கீழே இறங்கி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அது முடிந்ததும் அவளுக்குக் குளிரெடுக்கும். சலவைக்கூடத்துச் சுவரோரமாக நாற்காலியைப் போட்டேன். முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேலையா இருக்கியாம்மா?"

"என்னிக்கு வேலை இல்லாம இருந்தேன்? சொல்லுங்க அண்ணி."

"உங்க அண்ணனுக்குத் தேடிக் குடுத்தல்ல, அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு தேடணும்."

எந்த டாக்டர் வந்தாலும் முதலில் உட்கார வைத்து, என்ன தெரிய வேண்டும், எதற்குத் தெரிய வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவேன். வீட்டு ஆள் என்றதும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள், அதனால்தான் தள்ளிப் போடுகிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், சிறுநீரகம் கொடுத்தவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லும் கட்டுரைகளைத் தேடி அச்சடித்து நீட்டினேன்.

"பயப்படவே வேணாம் அண்ணி. ஒண்ணு குடுத்தாலும் மத்ததை வெச்சுக்கிட்டு நல்லா இருக்காங்க."

அண்ணி காகிதத்தை வாங்கி, திருப்பிப் பார்க்காமல் மேசை மேல் வைத்தாள்.

"இது இல்லம்மா." குரலைத் தாழ்த்தினாள். "புருஷன்கிட்ட வாங்கிக்கிட்டு, அப்புறம் அவரை விட்டுட்டுப் போனவங்க யாராவது இருக்காங்களா? அவங்க எப்படி இருக்காங்கன்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணன் வயிற்றைக் கிழித்துக் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், இவள் இங்கே வந்து அவன் தங்கையிடமே இதைத் தேடச் சொல்கிறாள். என்ன தைரியம்!

"எதுக்கு அண்ணி?" என்றேன். குரலில் இருந்த சூட்டை மறைக்கவில்லை.

"இது நோய் வந்தப்புறம் எடுத்த முடிவு இல்ல. அதுக்கு முன்னாடியே எடுத்தது. கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் கூடப் பாத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள கால் வீங்கிப்போச்சு."

"அண்ணன் ஏதாவது... கை நீட்டினாரா?"

"சேச்சே, உங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளா?" அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கடையில நாள் பூரா கேப்பேன், இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு. வர்றவங்க ஒவ்வொருத்தரையும் கேப்பேன். வீட்டுல என்னை ஒருத்தரும் எதையும் கேட்டதில்ல. எல்லாம் முடிவாகித்தான் வரும். நல்லதுக்குத்தான் வரும். அலுத்துப்போச்சும்மா, அவ்வளவுதான். வேற குத்தம் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

மேசை மேல் கிடந்த காகிதங்களை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இப்ப அவரோடதை வாங்கிக்கிட்டா, சாகிற வரைக்கும் அது எனக்குள்ள இருக்கும். அதை வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட வாசலைத் தாண்டுறது? வாங்காம விட்டா ரொம்ப நாள் தாங்காது, டாக்டர் சொல்லிட்டாரு. அதான் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கு வாழணும். ஆனா அங்க இல்ல."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அந்தக் குரலுக்குக் கீழே இருந்துதான் நானும் வெளியே வந்தேன். எனக்கு வேலை கிடைத்தது, தனி வீடு கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாப்பாவாக இருந்தால் போதும் என்று ஆயிற்று. அண்ணிக்கு நாள் தவறாமல் அந்தக் குரல்தான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

முதல் பாதி அண்ணனுக்குத் தேடியதுதானே, கணவன் மனைவிக்கிடையே சிறுநீரகம். அதனால் அந்தப் பழைய தேடலையே திறந்து, பின்பாதியை அழித்துவிட்டு, பிரிவு, விவாகரத்து, நன்றிக்கடன், வருத்தம் என்று புதுச் சொற்களைப் போட்டேன். கொட்டவில்லை, சொட்டியது. எத்தனை பேர், எத்தனை வருடம் என்று எண்ணியவர்கள் ஏராளம். மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அண்ணியும் நானும் தோளோடு தோள் உட்கார்ந்து படித்தோம். வாங்கிய பிறகு நெருங்கியவர்கள் இருந்தார்கள். நன்றியே தூக்க முடியாத சுமையாகிவிட்டது என்றவர்களும் இருந்தார்கள். விட்டுப் போனவர்களைப் பற்றி ஒன்றிரண்டு வரிக்கு மேல் இல்லை. தேடியது இல்லை என்றால் இல்லை என்று சொல்வதும் என் வேலைதான்.

"அண்ணி, இதை யாரும் சரியா ஆராய்ச்சி பண்ணல."

"கேக்கக் கூச்சப்பட்டிருப்பாங்க" என்று அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

"சேமிச்சு வைக்கிறேன். புதுசா ஏதாவது வந்தா சொல்றேன்."

"உங்க அண்ணன்..."

"இங்க யார் என்ன கேட்டாலும் வெளிய போகாது அண்ணி. நான் செத்தாலும் போகாது."

அண்ணி என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கிளம்பினாள். தேடலை வேறு பெயரில் சேமித்தேன். எனக்காகக் காத்துக்கொண்டு ஒரு டாக்டர் வாசலில் நின்றார். சின்ன விஷயம் ஒன்று இருந்ததாம்.

அடுத்த வாரம் ஒரு காலையில் எனக்கு அந்த மெயில் வந்தது. புதிதாக ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. அண்ணிக்குச் சொல்லலாம் என்று உற்சாகமாகத் திறந்தேன். தலையில் நான் போட்ட சொற்கள் இருந்தன. அதற்கு மேல், யாருக்கு என்ற இடத்தில், அண்ணனின் முகவரி இருந்தது.

பழைய தேடலைத் திறந்து சொற்களை மாற்றியவள், பெயரை மாற்றியவள், அது போய்ச் சேரும் முகவரியை மாற்றவில்லை. எங்களைப் போல நாளெல்லாம் ஒரு தேடலிலிருந்து இன்னொரு தேடலை வெட்டித் தைப்பவர்களைத் தவிர வேறு யாராலும் இந்த முட்டாள்தனத்தைச் செய்ய முடியாது. இரும்புப் பெட்டியாம், இரும்புப் பெட்டி! வாய்க்குப் பூட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?

போன மெயிலைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டியில் ஆள் இருந்தால் எடுக்க மாட்டான். ஒருவேளை பார்க்காமல் இருந்தால், நான் அவன் வீட்டுக்குப் போய்ப் போனை வாங்கி மெயிலை அழித்துவிடலாம் என்று பைத்தியம் மாதிரித் திட்டம் போட்டேன். ஆனால் நான் அனுப்புகிற மெயிலை அவன் விட்டதே இல்லை. மருத்துவச் சொற்களில் பாதி அவனுக்குப் புரியாது. விவாகரத்து என்பது புரியாமலா போகும்?

மத்தியானம் வந்துவிட்டான். உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே நின்றான். என் வாழ்நாளில் அவன் எந்தக் கதவுக்கு வெளியேயும் நின்று நான் பார்த்ததில்லை.

"உள்ள வரலாமா?" என்றான்.

அண்ணி உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, போனை மேசை மேல் வைத்தான்.

"இது யாரு தேடச் சொன்னது?"

"அது வேற ஒருத்தருக்குப் போக வேண்டியதுண்ணா. தப்பா உனக்கு வந்துடுச்சு."

"யாருக்கு?"

"இங்க யார் எதைக் கேட்டாங்கன்னு சொல்லக்கூடாது. உனக்குத் தெரியும்ல?"

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் கத்தியிருப்பேன், சுலபமாக முடிந்திருக்கும். அவன் போனைத் திருப்பி வைத்தான், மறுபடி நிமிர்த்தி வைத்தான்.

"சரி, சொல்லாத. அவ ரூம் பாத்தது எனக்குத் தெரியும் பாப்பா. அந்த வீட்டுக்காரன் என்கிட்டதான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டான், அவனே சொல்லிட்டான். நான் தெரியாத மாதிரி இருந்தேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவாளோன்னு பயம்." கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்னப்ப, என் மனசுல மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? இனிமே இவ எங்க போவான்னு வந்துச்சு. நிம்மதியா இருந்துச்சு பாப்பா. என் கிட்னி பொருந்துதுன்னு சொன்னப்ப இன்னும் நிம்மதி. ஊரெல்லாம் சொன்னேனே, எதுக்குன்னு நினைக்கிற?"

அவன் மேல் அருவருப்பும் பரிதாபமும் சேர்ந்தாற்போல் வந்தன. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு தேடிக் குடு" என்றான்.

"என்ன?"

"பொருந்தாத ஜோடிங்க மாத்திக்குவாங்கன்னு டாக்டர் ஒரு தடவை சொன்னாரு. நான் குடுக்கிறது யாருக்கோ போகும், அவன் வீட்டு ஆள் குடுக்கிறது நமக்கு வரும். பொருந்தினவங்களும் அப்படி மாத்திக்க முடியுமா? நான் குடுக்கணும், ஆனா அவளுக்குள்ள இருக்கிறது என்னோடதா இருக்கக்கூடாது. அந்த மாதிரி ஏதாவது இருக்கா பாரு."

இந்த முறை அவசரப்படவில்லை. புதிதாக, ஒன்றுமில்லாத பக்கத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லாகப் போட்டேன். அப்படிச் செய்திருக்கிறார்கள். பொருந்திய ஜோடி ஒன்று இந்த மாற்றத்தில் கலந்துகொண்டால், பொருந்தாமல் தவிக்கிற இன்னொரு ஜோடிக்கும் வழி பிறக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எல்லா இடத்திலும் செய்வதில்லை, காத்திருக்க வேண்டியிருக்கும், இந்த ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்ளுமா என்று கிட்னி டாக்டர்தான் சொல்ல வேண்டும். உள்ளது உள்ளபடி சொன்னேன். வாங்குகிறவருக்கு மனதில் சுமை குறைகிறதா என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

"எப்படியும் நீ குடுத்ததாலதான் கிடைச்சுதுன்னு அண்ணிக்குத் தெரியாம இருக்காதுண்ணா."

"தெரியட்டும். அடுத்தவன் பொருளை உள்ள வெச்சுக்கிட்டு எங்க வேணா போகலாம். எவனும் திருப்பிக் கேக்க மாட்டான்." எழுந்து நின்றான். "டாக்டர்கிட்ட நான் பேசுறேன். அவகிட்டயும் நானே கேக்கிறேன். சொல்லல, கேக்கிறேன்."

பிரிண்டரில் இருந்த காகிதங்களை எடுத்துக்கொண்டான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"உன் வீட்டுல அந்தப் பின்பக்கத்து ரூம் காலியாத்தானே இருக்கு?"

"பழைய சாமான் கிடக்கு. ஏன்?"

"ஆபரேஷன் முடிஞ்சு அவ நேரா அங்க வரட்டும். மாத்திரையெல்லாம் நேரம் தவறாமக் குடுக்கணும், நீ பாத்துப்ப. என் வீட்டுக்கு வேணாம். வந்தா நான் நல்லா கவனிச்சுப்பேன் பாப்பா. நான் கவனிச்சா அவளால போக முடியாது."

சரி என்று தலையாட்டினேன். அவன் போனதும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். பிறகு அந்த ரூமைக் காலி செய்ய ஆள் வேண்டும் என்று பழைய சாமான் கடைக்குப் போன் செய்தேன்.